கோழிக்கு ஓம எண்ணெய் விற்ற கதை

கோழிக்கு மருந்து விற்கிறவரை ஊரில் யாரும் மதிப்பதில்லை. கோழிக்கு ஓம எண்ணெய் விற்கிறவளைக் கோழியே மதிக்காது. கையில் மாதிரி பாட்டிலும் தோளில் பையுமாக நீங்களும் கடை கடையாக ஏறி இறங்கியவராக இருந்தால், நான் புலம்புவது புரியும். அப்படி அலையாத புண்ணியவான்கள் சும்மா சிரித்துவிட்டுப் போகலாம்.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், இரும்பு ஆலைகளுக்கு நடுவே ஒரு தகரக் கொட்டகையில் இயங்கியது எங்கள் கம்பெனி. இரண்டாயிரத்துகளின் நடுப்பகுதி. ஓமத்திலிருந்தும் கிராம்பிலிருந்தும் எண்ணெய் வடித்து, தண்ணீரில் கரையும்படி செய்து, பச்சை பாட்டிலில் அடைத்து பிராய்லர் பண்ணைகளுக்கு விற்போம். குஞ்சு வந்து இறங்கிய அன்றைக்கே பண்ணைக்காரர்கள் குடிதண்ணீரில் ஆன்டிபயாடிக் கலந்துவிடுவார்கள். நோய் வந்த பிறகு அல்ல, வந்துவிடுமோ என்று. அதற்கு மாற்றுதான் எங்கள் பாட்டில்.

நான் மைக்ரோபயாலஜி படித்தவள். ஆய்வகத்துக்கு என்றுதான் எடுத்தார்கள். ஆய்வகம் என்றால் ஓர் அறை, ஓர் இன்குபேட்டர், ஒரு ஃபிரிட்ஜ். நான் வளர்க்கும் கிருமிக்குப் பக்கத்தில் அக்கவுண்டன்ட் தன் தயிர் டப்பாவை வைப்பார். விற்பனைக்கு வந்த ஆட்கள் ஒருவர் பின் ஒருவராக ஓடிப்போனதும், முதலாளி பையை என் தோளில் மாட்டினார். "நீயே செஞ்சத நீயே எடுத்துச் சொன்னாத்தான் நம்புவாங்க சரளா" என்றார். பெருமையாக இருந்தது. அவ்வளவு லேசாக நான் ஏமாறுவேன் என்பது அவருக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

பெண்கள் பெட்டி

பொன்னேரியில் ரயில் ஏறினால் கும்மிடிப்பூண்டி வரை எனக்கு எப்போதும் உட்கார இடம் கிடைக்கும். நான் வந்தாலே பக்கத்தில் இருப்பவர்கள் நகர்ந்துகொள்வார்கள். உடம்பு, புடவை, தலைமுடி எல்லாம் ஓம வாசனை. வீட்டில் அம்மா என் துணியைத் தனியாகத் துவைத்தாள். காபி குடித்தாலும் எனக்கு ஓமமாகத்தான் இருந்தது.

ஒருநாள் எதிரில் இருந்த மீன்கார அம்மா, கூடையைக் காலால் ஒதுக்கிவிட்டு, என்ன வேலை என்று விசாரித்தார். மீன் கூடைக்காரியே மூக்கைப் பொத்திக்கொண்டு கேட்கிறார் என்றால் பாருங்கள். நானும் ஆர்வக்கோளாறில் முழுக்கச் சொன்னேன். கோழியின் குடலில் சால்மோனெல்லா என்று ஒரு கிருமி இருக்கும், அது எச்சத்திலும் கறியிலும் ஒட்டிக்கொண்டு வந்து மனிதர் வயிற்றைக் கெடுக்கும், கோழிக்கு ஓயாமல் ஆன்டிபயாடிக் கொடுத்ததில் அது மருந்துக்குப் பழகிவிட்டது, இனி மனிதனுக்குக் கொடுத்தாலும் கேட்காது, ஓம எண்ணெய் வேறு வழியில் அதன் தோலையே ஓட்டை போட்டுவிடும் என்று கவரைப்பேட்டை தாண்டும் வரை பேசினேன். அந்த அம்மா பொறுமையாகக் கேட்டார். கேட்டு முடித்துவிட்டுச் சொன்னார்: "அதெல்லாம் இர்க்கட்டும் கண்ணு, எங்க மாமியாருக்கு ஒரே வாயு, பையில ஒரு பாட்டிலு இருந்தா குடேன்."

பாய் கடை

பொன்னேரி மார்க்கெட் பக்கம் மஸ்தான் பாய்க்குத் தீவனக் கடை. பழவேற்காட்டு வியாபாரக் குடும்பம். சுற்று வட்டாரப் பண்ணைகளுக்கு எல்லாம் அவர் வைத்ததுதான் மருந்து. நல்ல மனிதர். யார் வந்தாலும் முதலில் டீ சொல்லிவிட்டுத்தான் பேச்சையே எடுப்பார். அவர் கடை அலமாரியில் கண் மட்டத்தில் மஞ்சள் பொடிப் பொட்டலங்கள் அடுக்கியிருக்கும். சமையல் மஞ்சள் இல்லை, ஆன்டிபயாடிக். டாக்டர் சீட்டு கீட்டு எதுவும் வேண்டாம், கையை நீட்டினால் கிடைக்கும். என் பாட்டில் அலமாரியின் அடித்தட்டில், எலி மருந்துக்குப் பக்கத்தில் இருந்தது.

ஒருமுறை என் ஆய்வகத் தட்டையே எடுத்துப் போய்க் காட்டினேன், மூடியை டேப்பால் நன்றாக ஒட்டித்தான். ஜெல்லி மேல் கிருமி பனி படர்ந்த கண்ணாடி மாதிரி படர்ந்திருக்க, எண்ணெய் விட்ட குழியைச் சுற்றி மட்டும் தெளிவான வட்டம். "பாருங்க பாய், அங்க கிருமி இல்ல" என்றேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். பாட்டிலைத் திறந்து முகர்ந்தார். ஒரு சொட்டை நாக்கில் வைத்தும் பார்த்துவிட்டார். நான் பதறியதை அவர் பொருட்படுத்தவில்லை. பாட்டிலை மூடி என் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "மருந்துன்னா கசக்கணும், இல்லன்னா குத்தணும். இது இன்னா மா, ரசத்துக்குப் போடற ஐட்டமா கீது."

விற்கிற கோழி, தின்கிற கோழி

பாய் கைவிட்டாலும் ஒரு முகவரி கொடுத்தார். சோழவரம் ஏரிக்கு இந்தப் பக்கம் வேலு என்பவரின் பண்ணை. சொந்தக் கொட்டகை, சொந்தக் குஞ்சு, கம்பெனி ஒப்பந்தம் எதுவும் இல்லாதவர். ஆகவே என் பேச்சைக் கேட்க அவருக்குச் சுதந்திரம் இருந்தது, பொறுமையும் இருந்தது. அவர் மனைவி கஸ்தூரி அதைவிட ஒரு படி மேலே போய், சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று உட்கார வைத்துவிட்டார். கோழிக் குழம்பு. கொல்லையில் மேய்ந்துகொண்டிருந்த நாட்டுக்கோழிகளில் ஒன்று என் பேரால் குழம்பாகியிருந்தது.

கொட்டகை நிறைய கோழி இருக்கும்போது கொல்லையில் எதற்கு இத்தனை நாட்டுக்கோழி என்று கேட்டேன். பண்ணைத் தொழிலுக்கே அது ஆகாது, கொல்லைக் கோழி கொட்டகைக்கு நோயைக் கொண்டுவரும், விற்றுவிடுங்கள் என்று படித்ததையும் ஒப்பித்தேன். கணவன் மனைவி இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இந்தப் பக்கத்துப் பண்ணைக்காரர்கள் யாரும் தங்கள் பண்ணைக் கோழியைத் தின்பதில்லை. தண்ணீரில் என்ன கலந்தோம் என்று கலந்த கைக்குத் தெரியுமே. இது எனக்கு எந்த வகுப்பிலும் யாரும் சொல்லித்தராதது. கஸ்தூரி என் இலையில் இன்னொரு கரண்டி ஊற்றிக்கொண்டே சொன்னார்: "அது விக்கறதுக்கு மா, இது நாங்க துன்றதுக்கு."

மூன்றாவது மருந்து

அடுத்த முறை போனபோது கஸ்தூரி வீட்டில் இல்லை. பேதி, காய்ச்சல் என்று ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். முதலில் கொடுத்த மருந்து கேட்கவில்லை. மாற்றிக் கொடுத்ததும் கேட்கவில்லை. மூன்றாவதாக ஏற்றிய மருந்தில்தான் காய்ச்சல் இறங்கியது. பண்ணைக் கோழியை வாயிலும் வைக்காத பெண். ஆனால் தினமும் தண்ணீர்த் தட்டுகளை அலம்பியதும், எச்சம் கலந்த உமியை வாரிக் கொட்டியதும் அவர்தான். கிருமி வாய் வழியாகத்தான் உள்ளே போகும். அது குழம்பில்தான் போக வேண்டும் என்று இல்லை.

அந்தக் கொட்டகையின் எச்சத்தை எடுத்து வந்து வளர்த்தேன். சால்மோனெல்லா வந்தது. ஆன்டிபயாடிக் தோய்த்த காகித வில்லைகளை வைத்துப் பார்த்தேன். வில்லையை ஒட்டி, வில்லையின் மேலேயே ஏறாத குறையாக, வளர்ந்திருந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு தட்டைப் பார்த்துப் பயந்தேன். பிறகு ஓம எண்ணெய் விட்டுப் பார்த்தேன். சின்ன வட்டம்தான், ஆனால் வட்டம். மருந்துக்கு அடங்குகிற கிருமிக்கும் அடங்காத கிருமிக்கும் ஓமம் ஒரே அளவு வட்டம் போட்டது. கஸ்தூரியைத் தாக்கியது இதே கிருமிதானா என்று என்னால் நிரூபிக்க முடியாது. ஆஸ்பத்திரி வராந்தாவில் வேலுவிடம் அதையும் சேர்த்தே சொன்னேன். அவர் நிரூபணம் கேட்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "இனிமே அந்த மஞ்சப் பொடி எங்கொட்டாயில நுழையாது மா, கோழி செத்தா சாவட்டும், உன் எண்ணெய்ய குடு."

இலை தழைதானே

ஒரு மனிதர் தன் பிழைப்பையே என் பேச்சை நம்பிப் பணயம் வைத்தார். எனக்குத் தூக்கம் போயிற்று. இவ்வளவு தண்ணீருக்கு இவ்வளவு எண்ணெய் என்று அளவு மூடி வைத்துக் காட்டிவிட்டு வந்தேன். நாலைந்து நாளில் போன் வந்தது: கோழி தண்ணீர் குடிக்கவில்லை, துவண்டு கிடக்கிறது. ஓடினேன். கொட்டகை வாசலிலேயே கண் எரிந்தது. வேலு அளவு மூடியைத் தூக்கிப் போட்டுவிட்டு, நல்லது சீக்கிரம் நடக்கட்டும் என்று சொம்பால் ஊற்றியிருந்தார். மஞ்சள் பொடியை ஒரு சிட்டிகை கூடுதலாகப் போடப் பயப்படுகிற மனிதர்.

தண்ணீரைக் கொட்டி, தொட்டியை அலம்பி, நல்ல தண்ணீர் விட்டோம். பெரும்பாலானவை எழுந்து நின்றன. அந்த முறை எடை குறைந்தது, லாபம் இல்லை. ஆனால் கடைசியில் எச்சத்தைச் சோதித்தபோது கிருமி கண்ணுக்குத் தெரிகிற அளவு குறைந்திருந்தது. குதிக்கலாம் போல் இருந்தது. மெதுவாக, கொஞ்சமாக, ஆனால் உண்மையாக வேலை செய்கிற ஒரு பொருள் என் கையில் இருந்தது. ஏன் சொம்பால் ஊற்றினீர்கள் என்று பிறகு ஒருநாள் கேட்டேன். வேலு கூசாமல் சொன்னார்: "எல தழ சமாச்சாரம்தானே மா, கூட ஊத்தினா இன்னா ஆயிடப்போவுது?"

புது சரக்கு

முதலாளிக்கு "மெதுவாக", "கொஞ்சமாக" என்ற இரண்டு சொற்களும் பிடிக்கவில்லை. கோழி இருப்பதே ஒன்றரை மாதம், அதற்குள் மெதுவாக என்றால் என்ன அர்த்தம் என்று கத்தினார். ஒரு மாதத்தில் புது சரக்கு வந்தது. அதே பச்சை பாட்டில், அதே லேபிள். வாசனை மட்டும் குறைவு. கோழி குடிக்க வேண்டும் என்பதற்காக வாசனையை அடக்கியிருக்கிறோம் என்றார் முதலாளி. எனக்கு அது நியாயமாகப் பட்டது. தயாரிப்புப் பக்கம் இருந்த கதவுக்குப் புதிதாகப் பூட்டுப் போட்டது மட்டும் உறுத்தியது. ஃபார்முலா ரகசியம் என்றார்கள்.

பொன்னேரியில் என் பாட்டில் எலி மருந்துப் பக்கத்திலிருந்து கண் மட்டத்துக்கு ஏறியது. நான் போவதற்குள் சரக்கு தீர்ந்திருக்கும். கோழி கழிவது நிற்கிறது, எடை ஏறுகிறது என்று ஊரெல்லாம் பேச்சு. "இயற்கை மருந்து" என்று பலகையே எழுதி மாட்டிவிட்டார் பாய். என்னைக் கண்டதும் டீயோடு சமோசாவும் சொன்னார்: "இப்பத்தான் மா இது மருந்து, முன்ன நீ வித்துக்கினு இருந்தது வெறும் வாசனை."

விருந்து

வேலுவின் அடுத்த கூட்டம் கோழி அமோகமாக வந்தது. சாவு சொற்பம். வியாபாரி வண்டி வந்து ஏற்றுவதற்கு முதல் நாள் என்னைச் சாப்பிடக் கூப்பிட்டார்கள். கஸ்தூரி உடம்பு தேறி, முகத்தில் களை திரும்பியிருந்தது. குழம்பு, வறுவல், ஈரல் தனியாக. கறி பஞ்சு போல் இருப்பதைப் பார்த்து நிமிர்ந்தேன். வேலு சிரித்தார். கொட்டகைக் கோழி. அந்த வீட்டில் முதல்முறையாக.

அக்கம்பக்கத்துப் பண்ணைக்காரர்கள் இரண்டு பேரும் வந்து உட்கார்ந்து, முதல் கவளத்தை வாயில் வைப்பதற்கு முன் வேலுவின் முகத்தைப் பார்த்தார்கள். அவர் தின்றதைப் பார்த்துவிட்டுத் தாங்களும் தின்றார்கள். படித்த படிப்பு, அலைந்த அலைச்சல் எல்லாவற்றுக்கும் அந்த ஒரு பந்தி போதும் என்று தோன்றியது. கஸ்தூரி ஈரலை என் இலையில் தள்ளிவிட்டுச் சொன்னார்: "வயிறு ரொம்ப துன்னு மா, நம்பூட்டு கோழிய நாமளே துன்றதுன்னா அது உன்னாலதான்."

இரண்டு தட்டு

அன்று கை கழுவிய கையோடு கொட்டகையிலிருந்து எச்சம் எடுத்து வந்திருந்தேன். போன முறை குறைந்த கிருமி இந்த முறை இன்னும் குறைந்திருக்கும், கண்ணால் பார்த்து ஆனந்தப்படலாம் என்ற ஆசைதான். தட்டைத் திறந்தால் இடமே இல்லாமல் வளர்ந்திருந்தது. முதன்முதலில் பயந்தேனே, அப்போது இருந்ததைவிட அதிகம். கோழியும் கொழுத்திருக்கிறது, கிருமியும் கொழுத்திருக்கிறது. தட்டில்தான் கோளாறு என்று திரும்பவும் போட்டேன். அதேதான்.

பாயின் கடையிலிருந்து ஒரு பாட்டில் வாங்கி வந்து, இரண்டு தட்டில் விட்டேன். ஒன்றில் மருந்துக்கு அடங்குகிற சாதாரணக் கிருமி, மற்றதில் வேலு கொட்டகைக் கிருமி. அடங்குகிற கிருமியில், ஓமம் ஜென்மத்தில் போட முடியாத அளவுக்குப் பெரிய வட்டம். வேலு கொட்டகைக் கிருமியில் ஒன்றுமே இல்லை. ஓமம் இப்படி ஆள் பார்த்து வேலை செய்யாது. ஆன்டிபயாடிக்தான் இப்படிச் செய்யும். பேருக்கு இரண்டு சொட்டு ஓமத்தை விட்டு, மஞ்சள் பொடி செய்கிற வேலையைச் செய்ய நிறமில்லாத ஒன்றைக் கலந்திருக்கிறார்கள். கோழியின் மற்ற சில்லறை நோய்களை அது அடக்கிவிட்டது, அதனால்தான் எடை. அடங்காத கிருமி மட்டும் போட்டிக்கு ஆள் இல்லாமல் பெருகியிருக்கிறது.

இரண்டு தட்டையும் முதலாளி மேசையில் வைத்தேன். அவ்வளவு ஆத்திரம். அவர் தட்டைத் தொடக்கூட இல்லை. உட்காரச் சொன்னார். விசிறியைக் கொஞ்சம் கூட்டி வைத்தார். பிறகு, வயதுக்கு வந்த பெண்ணுக்குப் புத்தி சொல்கிற தோரணையில் சொன்னார்: "நீ வட்டத்தப் பாக்கறே சரளா, நான் ரிப்பீட் ஆர்டரப் பாக்கறேன்."

பாயின் தீர்ப்பு

வேலையை விட்ட கையோடு பொன்னேரியில் இறங்கினேன். பாய் கொதித்து எழுவார், பலகையைக் கழற்றி எறிவார் என்று நினைத்தேன். அவர் மேல் எனக்கு இன்னமும் கோபம் வரவில்லை, அதுதான் கஷ்டம். நான் சொல்லி முடிக்கும் வரை கேட்டார். வழக்கம்போல டீ வந்தது. பாட்டிலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு அதைத் திரும்பக் கண் மட்டத்திலேயே வைத்துவிட்டு, என்னை ஆறுதல்படுத்துகிற குரலில் சொன்னார்: "ரெண்டும் ஒரே பாட்டிலுல கீதுன்னா கஸ்டமருக்கு நல்லதுதானே மா, இதுக்குப் போயி இன்னாத்துக்குப் பேஜாராவறே?"

கொல்லை

வேலு வீட்டுக்குப் போகாமல் இருந்துவிடலாம் என்று பஸ்ஸில் உட்கார்ந்தபடியே பலமுறை நினைத்தேன். ஆனால் அந்தப் பாட்டிலை அங்கே கொண்டு சேர்த்தது என் கை. போனேன். நின்றபடியே சொன்னேன். வேலு கோபப்படவில்லை. கொட்டகைப் பக்கம் திரும்பிக்கொண்டு, "மஞ்சப் பொடியாவது மஞ்சளா இருந்துச்சி மா, பார்த்தா தெரியும்" என்றார். கலப்படம் இல்லாத பழைய எண்ணெயை நானே வீட்டில் வடித்துத் தருகிறேன் என்று வாய் வரை வந்தது. இந்த முகத்தை வைத்துக்கொண்டு இன்னொரு பாட்டிலை எப்படி நீட்டுவது? விழுங்கிவிட்டேன்.

கஸ்தூரி அடுப்படியிலிருந்து வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் சொன்னது முழுவதும் அவர் காதில் விழுந்திருந்தது. கொல்லை சுத்தமாக இருந்தது. அன்றைக்குத்தான் கவனித்தேன், ஒரு நாட்டுக்கோழியும் இல்லை. முதன்முதலில் வந்த அன்று குழம்பைத் தின்றுகொண்டே நான் ஒப்பித்த பாடத்தை அவர் மறக்கவில்லை. பண்ணைக் கோழியே நல்ல கோழியாகிவிட்ட பிறகு அவை எதற்கு என்று நினைத்திருக்கிறார். என் முகத்தைப் பார்க்காமல், வெறும் கொல்லையைப் பார்த்தபடி கேட்டார்: "இருந்த நாட்டுக்கோழி அத்தனையும் வித்துட்டேனே மா, இனிமே நாங்க இன்னாத்த துன்றது?"

முதலாளி என்னை ஏமாற்றினார், நான் ஊரை ஏமாற்றினேன், அந்தப் பச்சை பாட்டிலைப் பார்த்துக் கடைசிவரை ஏமாறாத ஒரே ஜீவன் வேலு கொட்டகைக் கிருமிதான்.